வெயிட்டும் வெயிட்டும்

போன இதழில் நான் வரைந்த படத்தைப் பாராட்டியவர்களுக்கு நன்றி. (அது கோழி இல்லை, மயில்.) இந்த முறை என்னைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "இங்கிலீஷ்ல ஒண்ணுபோல இருந்து குழப்புற வார்த்தைகளைப் பத்தி எழுது, பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு உதவும்" என்று இங்கிலீஷ் டீச்சர் சொன்னாங்க. உடனே தமிழ் ஐயா ஒரு கண்டிஷன் போட்டாங்க. சுவர் இதழில் ஒரு ஆங்கில எழுத்துகூட இருக்கக் கூடாதாம். ஆங்கிலம் பத்தி ஆங்கிலமே இல்லாம எழுதணும்! அதனால ஸ்பெல்லிங் வருகிற இடத்தில் எல்லாம் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் புரியும்.

குழப்புற வார்த்தை என்றால் முதலில் நம்ம ஊர் பேரைத்தான் சொல்லணும். போன வருஷம் கோயில் கொடைக்குச் சென்னையில் இருந்து எங்க மாமா வந்தாங்க. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, "புதுக்கோட்டை போகுமா?" என்று கேட்டு, "போகும்" என்றதும் ஏறித் தூங்கிட்டாங்க. கண் முழிச்சுப் பார்த்தால் திருமயம் கோட்டை தெரியுது! அப்பாவுக்கு போன் பண்ணினாங்க. "நீங்க ஏறினது அந்தப் புதுக்கோட்டைலா! நம்ம ஊருக்கு தூத்துக்குடி வண்டியில லா ஏறணும்" என்று அப்பா தலையில் அடிச்சுக்கிட்டாங்க. மாமா வந்து சேரும்போது கொடை முடிஞ்சு பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கண்டக்டர் பொய் சொல்லலை. மாமாவும் தப்பாகக் கேட்கலை. ஒரே பேர், ரெண்டு ஊர், அவ்வளவுதான்.

இங்கிலீஷில் இந்த மாதிரி எக்கச்சக்கம். நான் முதலில் பிடிச்சது வெயிட்டை.

எங்க அப்பா உப்பு லாரி ஓட்டுறாங்க. லோடு ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவை, ஏத்தின பிறகு ஒரு தடவை வண்டியை எடை போடணும். கழிச்சுப் பார்த்தால் உப்பின் எடை. போர்டில் எடைமேடை என்று இருக்கும். ஆனால் டிரைவர், கிளீனர் எல்லாரும் சொல்வது 'வே பிரிட்ஜ்'. 'வே' என்றால் வழி, 'பிரிட்ஜ்' என்றால் பாலம், ஆக வழியில் இருக்கிற ஏதோ பாலம் என்று நான் ஆறாம் வகுப்பு வரைக்கும் நினைச்சிருந்தேன். ஒரு போர்டிலேயே டபிள்யூ-ஏ-ஒய் என்றுதான் எழுதியிருந்தது, நான் என்ன செய்ய? சரியான ஸ்பெல்லிங் டபிள்யூ-இ-ஐ-ஜி-எச். எடை போடு என்று அர்த்தம். அதோடு ஒரு டி சேர்ந்தால் எடை. அதே சத்தத்தில் டபிள்யூ-ஏ-ஐ-டி என்றால் காத்திரு. "வெயிட் போட முன்னால நாலு வண்டி நிக்கி, வெயிட் பண்ணுங்க" என்று அங்கே சொல்வார்களாம். ஒரே வரியில் ரெண்டு வெயிட். அப்பாகிட்ட வித்தியாசம் சொன்னேன். "எடை போடணும்னா காத்துதான் கெடக்கணும். அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கான்" என்றாங்க.

இது எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, எங்க அண்ணன் விஷயம் வருகிற வரைக்கும்.

அண்ணன் இப்போ பன்னிரண்டாம் வகுப்பு. பத்தாவதில் இங்கிலீஷில் 37 மார்க். பாஸ் மார்க் 35, அதனால வீட்டில் யாரும் கவலைப்படலை. அம்மா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாங்க. அண்ணனுக்குக் கப்பல் வேலைக்குப் போகணும். சின்ன வயசில் அப்பா லாரியில் துறைமுகம் வரைக்கும் போய் வந்ததில் இருந்தே அந்தப் பைத்தியம். போன வருஷம், கப்பலில் வேலை பார்க்கிற பக்கத்துத் தெரு அண்ணன் லீவில் வந்திருந்தாங்க. எங்க அண்ணன் மார்க் லிஸ்டை எடுத்துக்கிட்டு ஓடினான். நானும் கூடப் போனேன்.

அவங்க பார்த்துட்டு, "எல்லாம் சரிதாம்ல. இங்கிலீஷ் முப்பத்தேழுல்லா இருக்கு. நாப்பது வேணுமே" என்றாங்க.

கப்பலில் ஆரம்ப வேலைக்கு ஜி.பி. ரேட்டிங் என்று ஒரு படிப்பு இருக்கு. ஆறு மாசம். கயிறு கட்டுறது, தளம் கழுவுறது, பெயின்ட் அடிக்கிறது, சுக்கான் பிடிக்கிறது, இன்ஜின் ரூமில் உதவுறது எல்லாம் அதில் வரும். அதில் சேர பத்தாவதில் மொத்தம் 40 சதவீதம் வேணும். அது போக இங்கிலீஷில் மட்டும் தனியாக 40 சதவீதம், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ, எடுத்திருக்கணும். இது மத்திய அரசின் கப்பல் துறை போட்ட விதி. பள்ளிக்கூட வாசல் 35-க்குத் திறக்குது, கப்பல் வாசல் 40-க்குத்தான் திறக்குது. நடுவில் எங்க அண்ணன் மூணு மார்க்கில் நிற்கிறான்.

"தளம் கழுவுததுக்கு எதுக்குல இங்கிலீஷு?" என்று அம்மாவுக்குக் கோபம். அண்ணன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. ரொம்ப நேரம் கழிச்சு, "பத்தாவது பரீட்சையில லட்சியம் பத்தி எழுதச் சொன்னப்போ, 'ஐ வான்ட் டு வொர்க் இன் எ ஷீப்'னு எழுதிட்டேன்னு நெனைக்கேன்" என்றான். ஷிப் என்றால் கப்பல். ஷீப் என்றால் செம்மறியாடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அர்த்தம் கேட்டதும் அம்மா, "ஆட்டுக்குள்ள என்னல வேலை? நம்ம வீட்டு ஆட்டையே பாத்துக்கிட்டு இங்கயே இரி" என்றாங்க. அண்ணனும் சிரிச்சான், ஆனால் கண்ணில் தண்ணி வந்தது. அதில்தான் மூணு மார்க் போச்சா என்று யாருக்குத் தெரியும். அவன் அதில்தான் போச்சு என்று நம்புறான்.

தமிழ் படிக்கிற நாம இந்த ஷிப், ஷீப்பில் தப்பு விடவே கூடாது. குறில் நெடில் நமக்கு ஒண்ணாம் வகுப்புப் பாடம். கப்பல் குறில், ஆடு நெடில்.

மறுநாள் கப்பல்கார அண்ணனே எங்க வீட்டுக்கு வந்தாங்க. அம்மாவின் கேள்விக்குப் பதில் சொன்னாங்க. ஒரு கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், நம்ம ஊர்க்காரர் எல்லாரும் சேர்ந்து வேலை செய்வார்களாம். மொழிப் பிரச்சினை வந்தால் கடலில் இங்கிலீஷைப் பொதுவாக வச்சுக்கலாம் என்று 1973-இலேயே சர்வதேச கடல்சார் அமைப்பில் முடிவு செய்திருக்காங்க. சுக்கான் பிடிக்கிறவரிடம் அதிகாரி "போர்ட் டென்" என்று சொன்னால், அவர் முதலில் அதையே திருப்பிச் சொல்லணும். இடது பக்கம் பத்து டிகிரி என்று அர்த்தம். சொன்னது ஒண்ணு, கேட்டது ஒண்ணு ஆகிவிடக் கூடாது என்றுதான் அந்தத் திருப்பிச் சொல்லுதல். நம்ம ஒண்ணாம் வகுப்பு மாதிரியே.

அதுக்குப் பிறகு அவங்க சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். கப்பலின் வலது பக்கம் ஸ்டார்போர்டு. இடது பக்கத்துக்கு அந்தக் காலத்தில் லார்போர்டு என்று பேர். ஸ்டார்போர்டு, லார்போர்டு. காற்றும் அலையும் சத்தம் போடும்போது கத்திச் சொல்லிப் பாருங்கள், ரெண்டும் ஒண்ணு போலக் கேட்கும். வலது என்று சொன்னதை இடது என்று கேட்டால் கப்பல் பாறையில்தான் போய் ஏறும். அதனால 1844-இல் இங்கிலாந்துக் கடற்படை லார்போர்டு என்ற வார்த்தையையே தூக்கிட்டு, இடது பக்கத்துக்குப் போர்ட் என்றே சொல்லணும் என்று உத்தரவு போட்டது. இங்கிலீஷ்காரங்களே இங்கிலீஷில் குழம்பியிருக்காங்க! அவங்க வார்த்தையை எடுத்து எறிஞ்சுட்டாங்க. நமக்கு அந்த வசதி கிடையாது, மனப்பாடம்தான். (பி-ஓ-ஆர்-டி நாலு எழுத்து. இடது என்கிற எல்-இ-எஃப்-டியும் நாலு எழுத்து. மறக்காது.) ஆனால் போர்ட் என்றால் துறைமுகமும்தானே என்று நான் கேட்டேன். "ஆமா, ஏன்னா துறைமுகத்துல அந்தப் பக்கத்தைத்தான் கரையில ஒட்டி நிப்பாட்டுவாங்க. சுக்கான் துடுப்பு அப்போ வலது பக்கம் இருந்துச்சு, அது இடிச்சிரக் கூடாதுல்லா" என்றாங்க.

இன்னும் ஒண்ணு. நாம தினமும் கிளாஸ் வாசலில் நின்னு "மே ஐ கம் இன் சார்" என்று கேட்கிறோம் இல்லையா? கப்பலில் ரேடியோவில் அப்படிக் கேட்கக் கூடாது. கடலில் பேசுவதற்கு என்று தனியாக வாக்கியங்கள் தொகுத்து 2001 நவம்பரில் அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதில் மே, மைட், கேன், குட், ஷுட் இதெல்லாம் குழப்பம் தரும் வார்த்தைகள் என்று இருக்கு. மே என்றால் அனுமதியா, 'நடந்தாலும் நடக்கலாம்' என்கிற சந்தேகமா? அதனால கப்பல் பாதைக்குள் வரணும் என்றால், "கொஸ்டின். டூ ஐ ஹேவ் பர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே?" என்று கேட்கணும். முதலில் 'கேள்வி' என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வியே கேட்கணும். நம்பர் சொல்லும்போதும் நூற்று ஐம்பது என்று சேர்த்துச் சொல்லாமல் 'ஒன், ஃபைவ், ஜீரோ' என்று பிரிச்சுச் சொல்லணும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒண்ணாக விழும் என்று நம்ம கணக்கு சாருக்கே தெரியும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுட்டு, "அப்ப நாப்பது வேணும்தான்" என்றாங்க. வேற ஒண்ணும் சொல்லலை.

அன்னைக்கே நானும் அண்ணனும் ஒரு நோட்டு போட்டோம். அகராதி அர்த்தம் எழுதினால் மறுநாளே மறந்து போகுது. அதனால ஒவ்வொரு வார்த்தையையும் நம்ம வீட்டில், தெருவில் இருக்கிற எதிலாவது கட்டிப் போடணும் என்று முடிவு செய்தோம்.

லூஸ், ரெண்டு ஓ போட்டால் தொளதொள. ரெண்டு ஓவும் ரெண்டு பேர் நுழையிற அளவு அகலம், அண்ணனோட பழைய சட்டையில் நான் இருக்கிற மாதிரி. ஒரு ஓ தொலைஞ்சு போனால் லூஸ், தொலைத்துவிடு. (வாயால் சொல்லும்போது கடைசியில் 'ஸ்' இல்லை, தேனீ மாதிரி ஒரு சத்தம் வரணும். அது தமிழ் எழுத்தில் வரலை, டீச்சர் மன்னிக்கணும்.) அட்வைஸ் கடைசியில் சி-இ வந்தால் பெயர்ச்சொல், எஸ்-இ வந்தால் வினைச்சொல். தமிழில் படிப்பு, படி மாதிரி. டெசர்ட் ஒரு எஸ் என்றால் பாலைவனம், ரெண்டு எஸ் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு தரும் இனிப்பு. பாயாசம் ரெண்டு தடவை கேட்போம், பாலைவனத்துக்கு யார் ரெண்டு தடவை போவாங்க?

சின்ஸ், ஃபார் ரெண்டும் எங்களை ரொம்ப நாள் படுத்தியது. கடைசியில் பார்த்தால் தமிழே பதில் வச்சிருக்கு. 'லிருந்து' வந்தால் சின்ஸ், எத்தனை காலம் என்று அளவு வந்தால் ஃபார். தூத்துக்குடி துறைமுகம் 1974-லிருந்து பெரிய துறைமுகங்களில் ஒன்று: சின்ஸ் 1974. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பெரிய துறைமுகம்: ஃபார். தமிழில் சொல்லிப் பார்த்துட்டு எழுதுங்க, தப்பே வராது.

ஸ்டேஷனரியில் மட்டும் நாங்கள் சிரிக்கலை. 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவு இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அளத்தில் குவிச்சு வச்ச உப்பு கரைஞ்சு போச்சு. லோடு இல்லை. அப்பா லாரி ரொம்ப நாள் வேப்பமரத்தடியிலேயே நின்னது, அப்பா தினமும் போய் அதன் கண்ணாடியைத் துடைச்சுட்டு வருவாங்க. ஏ-ஆர்-ஒய் என்று முடிந்தால் அசையாமல் நிற்பது. ஏ போட்டால் அப்பா லாரி. இ-ஆர்-ஒய் என்று முடிந்தால் காகிதம், பேனா விற்கிற ஸ்டேஷனரி. இ போட்டால் என்வலப். அஃபெக்ட், எஃபெக்ட் ரெண்டையும் அந்த வெள்ளத்திலேயே கட்டினோம். வெள்ளம் எங்களை அஃபெக்ட் பண்ணியது, அது வினை. பள்ளிக்கூட ஃபீஸுக்கும் மளிகைக்கும் கடன் வாங்கினது அதன் எஃபெக்ட், அது பெயர். சில நாள் இது மாறிப் போகுது, இருந்தாலும் பத்துக்கு ஏழு சரியாக வருது.

ஒரே சத்தம் என்கிறதால் என்ன ஆகும் என்று டீச்சர் ஒரு உண்மைச் சம்பவம் சொன்னாங்க. 1989 பிப்ரவரி 19-ஆம் தேதி, சிங்கப்பூரில் இருந்து கோலாலம்பூர் போன ஒரு சரக்கு விமானம். கீழே இருந்து கட்டுப்பாட்டு அறையில் "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று சொன்னாங்க. 2400 அடிக்கு இறங்கு என்று அர்த்தம். விமானி காதில் அந்த 'டூ', டி-டபிள்யூ-ஓவாக விழலை. டி-ஓவாக விழுந்தது. அதாவது '400-க்கு இறங்கு'. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று அவர் திருப்பிச் சொன்னதையும் யாரும் திருத்தலை. விமானம் மலையில் மோதி, அதில் இருந்த நாலு பேரும் இறந்து போனாங்க. இந்த டூவும் அந்த டூவும் நம்ம கிராமர் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. கோடிட்ட இடத்தை நிரப்புகவில் வரும், ஒரு மார்க். இதை வீட்டில் சொன்னபோது அண்ணன் நோட்டை மூடிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தான்.

இங்கிலீஷை மட்டும் குறை சொன்னால் தமிழ் ஐயா விடமாட்டாங்க. நாலாம் வகுப்பில் 'நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்' என்று எழுதி வாங்கின அடி எனக்கு இன்னும் வலிக்குது. நம்ம பக்கத்தில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்றோம், பேப்பரில் மட்டும் ழ எழுதுறோம். அரம் அறுக்கும், அறம் காக்கும். கரி அடுப்பில், கறி சட்டியில். வெளியூர்க்காரங்க நம்மிடம் தமிழ் படிக்க வந்தால் எவ்வளவு கஷ்டப்படுவாங்க என்று நினைச்சுப் பாருங்க. அப்படி ஒருத்தர் நம்ம கடற்கரைக்கே வந்திருக்கார். போர்ச்சுகல் நாட்டு அண்டிரிக் அடிகளார், ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்று, பின்னால் வருகிறவர்களுக்கு உதவ 1549 வாக்கில் தமிழ் இலக்கணத்தைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் மொழிபெயர்த்ததுதான். கப்பலில் வந்து இறங்கினவர் நம்ம மொழிக்கு ஒரு நோட்டு போட்டிருக்கார். இங்கே இருந்து கப்பல் ஏறணும் என்று நினைக்கிறவன் அவங்க மொழிக்கு நோட்டு போடுறான். அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "அவருக்கு யாரும் நாப்பது மார்க் கேக்கலைலா" என்றான்.

பொதுத்தேர்வு மார்ச்சில். அரையாண்டில் அண்ணன் இங்கிலீஷில் 43 எடுத்திருக்கான். அம்மா இந்தத் தடவை மிட்டாய் வாங்கலை, மார்ச் பேப்பர் வரட்டும் என்று சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரி 'கொயட்', 'கொயிட்' படிச்சோம். ஒண்ணு அமைதி, இன்னொண்ணு ரொம்ப. ஸ்பெல்லிங்கில் இ-யும் டி-யும் இடம் மாறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதை எதில் கட்டுறது என்று இன்னும் எங்களுக்குத் தெரியலை. நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கு.

யாருக்காவது நல்ல வழி தெரிஞ்சால் இந்தத் தாளுக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கேன், எழுதிட்டுப் போங்க. பென்சிலில் எழுதுங்க. பேனாவில் எழுதினால் தாள் வீணாப் போச்சு என்று டீச்சர் என்னைத்தான் திட்டுவாங்க.